டிரையரின் காற்றுக்குழாய்: துப்புரவாளரை அழைக்குமுன் நாமே பார்க்க வேண்டியவை



நம் ஊர்களில் துணி உலர்த்துவது ஒரு தனி வேலையாகக் கருதப்பட்டதில்லை. ஒரு கொடியும் வெயிலும் இருந்தால் போதும். காலையில் துவைத்துப் பிழிந்து போட்ட வேட்டி நண்பகலுக்குள் மடித்து வைக்க ஆயத்தமாகிவிடும். ஆனால் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியேறியிருக்கும் நமக்கு வெயில் எப்பொழுதும் அவ்வாறு கைகொடுப்பதில்லை. மும்பையில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் முடிய நான்கு திங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. தில்லியில் டிசம்பர், ஜனவரித் திங்களில் மூடுபனி கவிந்த நாள்களில், காலையில் விரித்த துணி மாலையிலும் ஈரம் மாறாமல் கிடக்கும். மாடிக் குடியிருப்புகளில் மொட்டை மாடி எல்லார்க்கும் பொது. பால்கனியோ நான்கு முழக் கொடிக்கும் இடம் தராது. ஆகவே, பல இல்லங்களில் துணி துவைக்கும் இயந்திரத்தை அடுத்துத் துணி உலர்த்தும் இயந்திரமாகிய டிரையரும் இடம் பெற்றுவிட்டதில் வியப்பில்லை.

இவ்வியந்திரத்தை விற்பவர் பல செய்திகளை எடுத்துரைப்பார். எத்தனை கிலோ துணி கொள்ளும், எவ்வளவு நேரத்தில் உலர்த்தும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் உண்டு என்பன யாவும் நமக்குச் சொல்லப்படும். ஆனால் இயந்திரத்தின் முதுகிலிருந்து புறப்பட்டுச் சுவரைத் துளைத்து வெளியே செல்லும் குழாயைப் பற்றி நம்மிடம் பேசுவார் அரியர். கண்ணுக்கு மறைவாய் இருப்பது கருத்துக்கும் மறைவாகிவிடுகிறது. அக்குழாயை ஆண்டுக்கு ஒரு முறையேனும் தக்கவரைக் கொண்டு துப்புரவு செய்வித்தல் வேண்டும். அவரை அழைக்குமுன், வீட்டார் தாமே செய்யத்தக்க எளிய பரிசோதனை ஒன்று உண்டு. அதனை முறையாக விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

துப்புரவாளர் வரத்தான் போகிறார். அவரே பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று நேயர்கள் வினவலாம். நாம் முன்னரே பார்ப்பதால் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, அவர் வருவதற்கு நாலைந்து நாள் ஆகலாம். அதுகாறும் இயந்திரத்தை ஓட்டலாமா, இன்றே நிறுத்த வேண்டுமா என்பதை நாமே முடிவு செய்தாக வேண்டும். இரண்டாவது, கோளாறு குழாயிலா இயந்திரத்திலா என்று தெரிந்தால், வேண்டாத வேலைக்குப் பணம் கொடுக்க நேராது. மூன்றாவது, வேற்று மொழி வழங்கும் ஊரில் தொழிலாளரிடம் நீட்டி விளக்க நம்மிற் பலர்க்கு இயலுவதில்லை. கண்ணாரக் கண்ட செய்தியும் அளந்து குறித்த எண்ணும் கையில் இருந்தால், அரைகுறை இந்தியிலும் வேலையைச் செவ்வையாக வாங்கிவிடலாம்.

நம் வீட்டு டிரையர் எவ்வகை?

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். இரட்டைத் தொட்டியுள்ள துவைக்கும் இயந்திரத்தில், இரண்டாம் தொட்டியையும் நம்மவர் டிரையர் என்றே அழைப்பர். அது துணியை வேகமாகச் சுழற்றி நீரைப் பிழிந்து தள்ளுவதன்றி, சூடு காட்டி உலர்த்துவதில்லை. அதற்குக் காற்றுக்குழாயும் இல்லை. இன்றைய பேச்சு அதனைப் பற்றியதன்று.

சூடு காட்டி உலர்த்தும் டிரையர்களிலும் வகைகள் உள. ஒரு வகை, ஈரங்கொண்ட வெப்பக் காற்றைக் குழாய் வழியே வெளியேற்றுவது. மற்றொரு வகை, அவ்வீரத்தை உள்ளேயே குளிரச் செய்து, நீராக்கி, ஒரு தட்டில் சேர்ப்பது அல்லது கழிவுநீர்க் குழாயில் விடுவது. வெப்பத்தையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் ஹீட் பம்ப் இயந்திரமும் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்ததே. இயந்திரத்தின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஏறத்தாழ 4 அங்குல அகலமுள்ள வட்டத் துளையும், அதிற் பொருத்திய குழாயும் இருப்பின் நம்முடையது முதல் வகை. நீர் சேரும் தட்டு இருப்பின் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்கு வெளிக்குழாய்ப் பரிசோதனை வேண்டுவதில்லை. ஆயினும் அதன் பஞ்சு வடிகட்டியையும், கையேட்டிற் சொன்னபடி குளிர்கலத்தையும் தூய்மை செய்தல் இன்றியமையாதது.

குழாயினுள் நிகழ்வது யாது?

5 கிலோ பருத்தித் துணியைத் துவைத்துச் சுழற்றிப் பிழிந்தபின்னும், அதில் சுமார் இரண்டரை முதல் மூன்று லிட்டர் நீர் எஞ்சியிருக்கும். டிரையர் அறைக்காற்றை உள்ளிழுத்துச் சூடேற்றி, உருளும் துணிகளினூடே செலுத்துகிறது. காற்று அந்நீரை ஆவியாகச் சுமந்துகொண்டு குழாய் வழியே வெளியேறுகிறது. ஒவ்வொரு முறை உலர்த்தும்பொழுதும் அத்தனை நீரும் அந்த 4 அங்குல வழியாகவே போயாக வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

நீராவி மட்டுமா போகிறது? துணிகள் உராய்வதால் நூலிழைகளின் நுண்பிசிறுகள் பஞ்சாக உதிர்கின்றன. அவற்றிற் பெரும்பகுதி வலைவடிகட்டியில் தங்குகிறது. தப்பிய சிறு பகுதி குழாயினுட் செல்கிறது. குழாய் நேராகவும் குறுகிய நீளமுடையதாகவும் இருந்தால், காற்றின் வேகம் அதனையும் வெளியே தள்ளிவிடும். குழாய் நீண்டோ, வளைந்தோ, நசுங்கியோ இருந்தால் காற்று தளர்கிறது; பஞ்சு படிகிறது. படிந்த பஞ்சின்மேல் ஆவி குளிர்ந்து நீராகிறது. ஈரப்பஞ்சு பசைபோல் ஒட்டி, மேலும் பஞ்சைப் பிடித்து வைக்கிறது. இங்ஙனம் வழி நாளுக்கு நாள் குறுகுகிறது.

வழி குறுகினால் வெப்பம் வெளியேறுவதும் குறைகிறது. சூடேற்றும் கம்பிச் சுருள் இருக்கும் இடத்தில் வெப்பம் தேங்குகிறது. உலர்ந்த பஞ்சோ எளிதில் தீப்பற்றும் இயல்பினது. காட்டில் முகாமிடுவோர் அடுப்பு மூட்டுவதற்கென்றே டிரையர்ப் பஞ்சைச் சேர்த்து வைப்பதுண்டு என்றால் அதன் தன்மை விளங்கும். தேங்கிய வெப்பமும் உலர்ந்த பஞ்சும் ஒரே கூட்டினுள் சந்திப்பதுதான் இங்கே அபாயம்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. டிரையர் பெருவழக்காயுள்ள அமெரிக்க நாட்டின் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கை ஆராய்ந்தபொழுது, குடியிருப்புகளில் டிரையரால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்ந்ததாகவும், அவற்றால் ஆண்டுக்குச் சுமார் 5 பேர் இறந்து, 100 பேர் காயமுற்றதாகவும் மதிப்பிட்டது. இவற்றின் காரணங்களில் முதலிடம் பெற்றது, துப்புரவு செய்யாமல் விட்டமையே. நூற்றுக்கு 34 தீக்கள் அதனால் நேர்ந்தவை. நம் நாட்டில் இவ்வியந்திரம் இப்பொழுதுதான் பரவி வருகிறது. பிறர் பட்டறிந்ததை நாம் படாமலே அறிந்துகொள்ளலாம்.

முதற் பரிசோதனை: கடிகாரம்

எந்தக் கருவியும் இன்றிச் செய்யத்தக்க முதற் பரிசோதனை, நேரத்தைக் குறிப்பது. ஒரே அளவுத் துணி, ஒரே அமைப்பில், உலர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் நாட்காட்டியில் குறித்து வருக. முன்பு ஒரு மணி நேரத்தில் உலர்ந்தது இப்பொழுது ஒன்றரை மணி, இரண்டு மணி என்று நீண்டால், காற்றோட்டம் தடைப்பட்டிருக்கலாம் என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

ஆனால் இதை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. துவைக்கும் இயந்திரம் சரியாகப் பிழியாவிட்டாலும் உலர நேரமாகும். ஆகவே டிரையரில் இடுமுன் துணி சொட்டச் சொட்ட இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. பின்னர், பாதி நேரம் ஓடியதும் இயந்திரத்தை நிறுத்தித் துணியைத் தொட்டுப் பார்க்க. துணி நல்ல சூடாகவும் ஈரமாகவும் இருந்தால், சூடு உண்டாகிறது, ஈரம் வெளியேறவில்லை. குற்றம் பெரும்பாலும் காற்றுவழியில். துணி குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்தால், சூடேற்றும் பகுதியிற் கோளாறு.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பல இயந்திரங்களில், வெப்பம் அளவு மீறினால் தானே அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு ஃபியூஸ் ஒன்று உண்டு. அது அறுந்தால், பழுது பார்ப்பவர் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போய்விடலாம். அது ஏன் அறுந்தது என்று கேட்க வேண்டியது நம் கடமை. குழாய் அடைப்பினால் அறுந்திருப்பின், அடைப்பை நீக்காதவரை புதிய ஃபியூஸும் அறுந்துகொண்டேயிருக்கும். அது நம் காவற்காரன். காவற்காரன் மீண்டும் மீண்டும் வீழ்ந்தால் வாயிலில் பகை நிற்கிறது என்பது பொருள்.

இரண்டாம் பரிசோதனை: வலைவடிகட்டி

கதவின் அருகிலோ இயந்திரத்தின் மேற்புறத்திலோ உள்ள வலைவடிகட்டியை உருவி எடுக்க. ஒவ்வொரு முறை உலர்த்தியபின்னும் அதிலுள்ள பஞ்சை நீக்கியாக வேண்டும், இது விதி. பஞ்சு நீக்கிய வலை பார்வைக்குத் தூய்மையாக இருந்தாலும், துணிக்கு மணமும் மென்மையும் ஊட்டச் சேர்க்கும் பொருள்களின் மெழுகு போன்ற படலம் அதன் கண்களை மூடியிருக்கக் கூடும். குழாயடியில் பிடித்து வலையின்மேல் நீர் விடுக. நீர் உடனே வழிந்தோடினால் நன்று. தேங்கி நின்றால், சோப்பு நீரில் மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்ந்தபின் மாட்டுக. வலை கிழிந்திருப்பின் மாற்றும் வரை இயந்திரத்தை ஓட்டலாகாது. கிழிசல் வழியாகப் பஞ்சு நேரே குழாய்க்குப் போகும்.

மூன்றாம் பரிசோதனை: வெளிவாய்

குழாய் சுவருக்கு வெளியே முடியும் இடத்தில், காற்று வரும்பொழுது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் மூடி இருத்தல் வேண்டும். இயந்திரம் ஓடும்பொழுது அம்மூடி நன்கு திறக்கிறதா, வெதுவெதுப்பான காற்று தெம்பாக வருகிறதா என்று பார்க்க. வெளிவாய் பால்கனிக்குள் கை எட்டும் இடத்தில் இருந்தால், ஒரு மெல்லிய தாள் துண்டை அதன் முன் பிடித்தால் போதும். தாள் நிமிர்ந்து பறக்க வேண்டும், சோம்பி அசையலாகாது.

உயரமான மாடியில் சன்னல் வழியே எட்டிக் குனிந்து பார்ப்பது எக்காரணங்கொண்டும் கூடாது. ஒரு குழாயைப் பார்க்கப் போய் உயிரைப் பணயம் வைப்பதா? கீழே முற்றத்திலிருந்தோ, எதிர்ப்புறப் படிக்கட்டிலிருந்தோ கைப்பேசியின் காமிராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே மூடியின் நிலை தெரியும். மூடியின் விளிம்பில் பஞ்சு தாடி போல் தொங்குவதும், சுற்றுச்சுவரில் ஈரக்கறை படிவதும் அடைப்பின் குறிகள்.

மும்பை, தில்லி, பெங்களூரு முதலிய நகரங்களில் குடியிருப்போர்க்கு வேறோர் இடையூறும் உண்டு, அது புறா. மூடி உடைந்த வெளிவாய், புறாவுக்கு வாடகையில்லா வீடு. குச்சியும் இறகும் எச்சமும் சேர்ந்தால் வழி முற்றும் அடைபடும். உள்ளே முட்டை இருப்பின், பொரிவதற்குச் சுமார் 18 நாளும், குஞ்சு பறப்பதற்குப் பின்னும் சுமார் ஒரு திங்களும் ஆகும். அதுவரை டிரையருக்கு ஓய்வளிப்பதே அறமும் அறிவுமாம். காலியான கூட்டை நீக்கும்பொழுது உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தாற் பெருக்கலாகாது. அத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது. முகமூடியும் கையுறையும் அணிந்து, நீர் தெளித்து நனைத்தபின் அகற்ற வேண்டும். பறவை நுழையாதிருக்க நுண்வலை கட்டிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். அது தவறு, நுண்வலையில் பஞ்சு படிந்து சில நாளில் சுவர் வைத்தாற்போல் அடைத்துவிடும். தானே மூடும் மூடியுள்ள நல்ல வெளிவாயே தக்கது.

பழைய கட்டடங்களில் குழாய் வெளிச்சுவருக்குப் போகாமல், இரு பகுதிகளுக்கிடையே உள்ள குறுகிய காற்றுச் சந்தில் முடிவதும் உண்டு. அங்கே பஞ்சும் ஈரமும் சேர்ந்தால் அண்டை வீட்டார்க்கும் தொல்லை. சுவரிற் புதிதாகத் துளையிட வேண்டின், வீட்டுச் சங்கத்தின் இசைவையும், வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

நான்காம் பரிசோதனை: இயந்திரத்தின் பின்புறம்

இனி வருவனவற்றை இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, நன்கு ஆறியபின்னரே செய்ய வேண்டும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு இயந்திரத்தை மெல்ல முன்னுக்கு இழுக்க. பின்புறத்தில் நாம் காண வேண்டியவை நான்கு.

ஒன்று, குழாய் நசுங்கியிருக்கிறதா என்பது. இடத்தை மிச்சப்படுத்த இயந்திரத்தைச் சுவரோடு தள்ளும்பொழுது குழாய் மடிந்துபோவது மிகப் பொதுவான குற்றம். துப்புரவே வேண்டாமல், ஒரு சாண் இடம் விட்டவுடன் சரியாகிவிடும் நிகழ்ச்சிகளும் உண்டு.

இரண்டு, குழாய் எப்பொருளால் ஆனது என்பது. கெட்டியான உலோகக் குழாயோ, ஓரளவு வளையும் உலோகக் குழாயோ மிகவும் தக்கது. மெல்லிய தகட்டுத் தாளாலும் பிளாஸ்டிக்காலும் ஆன மடிப்புக் குழாய்கள் எளிதில் நசுங்குவன. மடிப்புதோறும் பஞ்சைத் தேக்குவன. தீ வந்தால் தடுக்க மாட்டாதன. இயந்திரத்தோடு வந்த குழாய் எதுவாயினும், மாற்றுமுன் கையேட்டை ஒரு முறை பார்த்துக்கொள்க.

மூன்று, இணைப்புகள். இணைப்பு இறுகப் பற்றும் கிளாம்ப்பால் இருத்தல் வேண்டும். குழாயைத் துளைத்து உள்ளே நீட்டிய திருகாணிகள் பஞ்சைப் பிடித்து நிறுத்தும் முட்களாகிவிடும். இணைப்பைச் சுற்றித் தரையில் பஞ்சு சிதறியிருந்தால் அங்கே கசிவு உண்டு.

நான்கு, பிளக்கும் மின்கம்பியும். பெரும்பாலான டிரையர்கள் 2 கிலோவாட் அளவில் மின்சாரம் கொள்வன. தகுந்த 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரே மாட்டப்பட வேண்டியவை. பிளக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால், குழாயை மறந்து, முதலில் மின் பணியாளரை அழைக்க.

ஐந்தாம் பரிசோதனை: குழாயின் உள்

கிளாம்ப்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றுக. டார்ச் விளக்கை உள்ளே காட்டி, கைப்பேசியாற் படம் எடுத்துக்கொள்க. உள்சுவரில் மெல்லிய பஞ்சுப் படலம் இருப்பது இயல்பு. கனத்த படிவமோ, ஈரக்கட்டியோ, வழியே தெரியாத அடைப்போ இருந்தால், துப்புரவு முடியும் வரை டிரையரை ஓட்டலாகாது. கைக்கெட்டிய பஞ்சைக் கையால் எடுத்துவிடலாம். கம்பு, கம்பி, துடைப்பக் காம்பு முதலியவற்றை விட்டுக் குத்துவது வேண்டா. அடைப்பு உள்ளே தள்ளப்பட்டு இறுகும், மெல்லிய குழாய் கிழியும்.

பின்னர்க் குழாயின் முழு நீளத்தை அளந்து, வளைவுகளை எண்ணிக் குறித்துக்கொள்க. அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, குழாயின் நீளம் 35 அடியை மிஞ்சலாகாது என்றும், செங்கோண வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடியும், அதிற் பாதியான வளைவுக்கு இரண்டரை அடியும் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. நம் இல்லங்களில் உள்ள சிறு இயந்திரங்களின் விசிறிக்கு அவ்வளவு வலிமை இல்லாமலும் இருக்கலாம். ஆகவே அவ்வியந்திரத்தின் கையேடு சொல்லும் அளவே நமக்குப் பிரமாணம். ஒரு வளைவு, சில அடி நேர்க்குழாய்க்கு ஒப்பாகக் காற்றைத் தடுக்கிறது என்னும் கருத்தே இங்கு முக்கியம்.

அடைப்பு எங்கே என்று அறிய இன்னுமொரு வழி உண்டு. மின்சார டிரையராயின், குழாயைக் கழற்றிய நிலையில், சூடில்லாத அமைப்பில், நாம் அருகிலேயே நின்று இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். இயந்திரத்தின் வாயிலிருந்து காற்று வேகமாக வந்தால் அடைப்பு குழாயில். அங்கேயே காற்று தளர்ந்திருந்தால் தடை இயந்திரத்தின் உள்ளே. முன்னதற்குக் குழாய்த் துப்புரவு. பின்னதற்கு இயந்திரப் பணியாளர். இயந்திரத்தின் உறையைத் திறப்பது நம் வேலையன்று.

கெய்சரும் டிரையரும் ஓரிடத்தில்

நகரக் குடியிருப்புகளில் சமையலறையை ஒட்டிய சிறு பின்கட்டில் டிரையரும், எரிவாயுவால் நீர் காய்ச்சும் கெய்சரும் அருகருகே இருப்பதைக் காண்கிறோம். இது தனியே எச்சரிக்கத்தக்கது. டிரையர் அறைக்காற்றை இழுத்து வெளியே தள்ளுவது. கெய்சர் எரிவதற்கும் காற்று வேண்டும். சன்னல்களை மூடிவிட்டு இரண்டையும் ஓட்டினால், கெய்சருக்குக் காற்றுப் போதாமல் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு உண்டாகக் கூடும். அதன் புகைவழி இருப்பினும், வெளியே போக வேண்டிய புகை அறைக்குள்ளேயே திரும்பவும் கூடும். அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் சன்னலைச் சாத்தும் வடநாட்டு வழக்கத்தைப் பின்பற்றுவோர் இதனை மறவாதிருப்பாராக. இரண்டையும் ஒருசேர ஓட்டுவது வேண்டா. எதை ஓட்டினும் சன்னல் திறந்திருக்கட்டும்.

எண்ணெய்த் துணி

நம்மவர்க்கென்றே சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை எவ்வூர் சென்றாலும் நாம் விடுவதில்லை, விடவும் வேண்டா. ஆனால் தலை துவட்டிய துண்டிலும், தோசைக்கல் துடைத்த துணியிலும் ஊறிய எண்ணெய், ஒரு முறை துவைப்பதால் முற்றும் நீங்குவதில்லை. அத்தகைய துணியை டிரையரிற் சூடேற்றினால், எண்ணெய் காற்றோடு கலந்து தானே வெப்பத்தை உண்டாக்கும்; குவியலாகக் கிடந்தால் அவ்வெப்பம் மிகுந்து, இயந்திரம் நின்றபின்னும் தானே தீப்பற்றக் கூடும். எண்ணெய்த் துணிக்கு என்றும் கொடிதான் உற்ற இடம். பிற துணிகளையும் சூடு ஆறும் வரை உருளவிட்டு எடுத்து, உடனே பிரித்து வைத்தல் நன்று.

துப்புரவாளரிடம் சொல்ல வேண்டியவை

பரிசோதனை முடிந்ததும் ஒரு தாளில் ஐந்து செய்திகளைக் குறித்துக்கொள்க: உலரும் நேரம் முன்பு எவ்வளவு, இப்பொழுது எவ்வளவு, குழாயின் நீளம், வளைவுகளின் எண்ணிக்கை, குழாய் எப்பொருளால் ஆனது, வெளிவாய் எங்கே உள்ளது. உட்புறப் படத்தையும் காட்டுக. கூலி பேசுமுன் இவற்றைச் சொன்னால், வந்தபின் விலை ஏறுவதற்கு இடமிராது.

நம் நாட்டில் இத்தொழிலுக்கென்றே தனித்துப் பயின்றவர் எங்கும் கிடைப்பதில்லை. சலவை இயந்திரப் பணியாளரோ, குளிர்சாதனக் குழாய் வேலை செய்பவரோ வருவார். ஆகவே வேலையின் முறையை நாமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். குழாயை இரு முனையிலிருந்தும் துப்புரவு செய்ய வேண்டும். சுழலும் தூரிகையும் உறிஞ்சும் இயந்திரமும் பயன்படுத்த வேண்டும். கழற்றிய இணைப்புகளை மீண்டும் இறுக்க வேண்டும். முடிந்தபின் இயந்திரத்தை ஓட்டி, வெளிமூடி திறப்பதைக் காட்ட வேண்டும். இந்தி வழங்கும் ஊரில், “ஹவா பாஹர் டீக் ஸே நஹீம் நிகல்தீ” என்றால் காற்று சரியாக வெளியே போகவில்லை என்பது பொருள். “தோனோம் தரஃப் ஸே ஸாஃப் கீஜியே” என்றால் இரு பக்கமிருந்தும் துப்புரவு செய்க என்பது பொருள். இந்த இரண்டு தொடரே பாதி வேலையைச் செய்துவிடும். வேலை முடிந்தபின் அதே அளவுத் துணியை உலர்த்தி, நேரத்தை மீண்டும் குறித்துப் பார்க்க. கடிகாரம் பொய் சொல்லாது.

இறுதியாக ஒரு சொல். வீட்டில் ஒருவரும் இல்லாதபொழுதும், எல்லாரும் உறங்கும்பொழுதும் டிரையரை ஓட்டுதல் வேண்டா. ஊரிலிருந்து வந்திருக்கும் முதிய பெற்றோரையும், வேலைக்கு உதவும் பெண்ணையும் இயந்திரத்தோடு தனியே விட்டுச் செல்வோர், அதை நிறுத்தும் சுவிட்ச் எது என்பதையேனும் அவர்க்குக் காட்டி வைக்க வேண்டும். கருகிய வாடை வந்தால் மின்சாரத்தை நிறுத்துக. இயந்திரத்தின் கதவைத் திறக்க வேண்டா, திறந்தால் உள்ளிருக்கும் தீக்குக் காற்று கிடைக்கும். புகை கண்டால் அனைவரும் வெளியேறி, 101 அல்லது 112 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்க.

கொடியில் உலர்த்திய காலத்தில், துணி உலர்ந்ததா என்று நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்தோம். மேகம் கறுத்தால் ஓடிச்சென்று எடுத்தோம். இயந்திரம் வந்தபின் அந்தக் கவனம் நம்மை விட்டு நீங்கிவிட்டது. ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், அக்கவனத்தை அந்தக் குழாயின் மேல் திருப்பினால் போதும். மழைநாட்டு நேயர்கள் மே திங்களிலும், குளிர்நாட்டு நேயர்கள் அக்டோபரிலும் இப்பரிசோதனையைச் செய்து வைத்துக்கொண்டால், வரும் பருவம் முழுதும் கவலையின்றித் துணி உலர்த்தலாம்.